வில்லா துப்பாக்கியா என்பது நம் கேள்வி அல்ல

துப்பாக்கியால் வேட்டையாடுவது கொடூரம், வில்லால் வேட்டையாடுவது இயற்கையோடு இயைந்தது என்றொரு பேச்சு நம் தோழர்கள் மத்தியிலும் அடிபடுகிறது. படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார்: "தோழர், வில்லு பூர்வகுடிகளோட ஆயுதம். துப்பாக்கி வெள்ளைக்காரன் கொண்டாந்தது. அப்போ வில் வேட்டையை நம்ம பண்பாட்டு அடையாளமா உயர்த்திப் பிடிக்கறதுல என்ன தப்பு?" நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்விதான். ஆனாலும் இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கு. அதைப் பிரிச்சுப் பார்த்தாகணும்.

எந்த ஆயுதத்தை எடுக்கலாம் என்று தேர்ந்தெடுக்க முடிந்தவனுக்குத்தான் இந்த விவாதம். வீட்டில் சோறு இருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமைக்கு எது சுவாரசியம் என்று யோசிக்கலாம். ராத்திரி உலை வைக்க ஒன்றுமில்லாதவன் கைக்குக் கிடைத்ததை எடுப்பான்: கண்ணி, வலை, கடப்பாரை, கல். எனவே எந்த ஆயுதம் உசத்தி என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால், எந்த ஆயுதம் யார் கைக்கு வந்தது, யார் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் இங்கே எழுப்பப் பார்க்கிறேன்.

முதலில் ஆயுதங்கள் செய்கிற வேலையைப் பார்ப்போம். அம்பு கொல்வது வெட்டுக்காயத்தால். முனை உள்ளே போய் ரத்தக்குழாயை அறுக்கணும், ரத்தம் வடியணும், அப்புறம்தான் சாவு. கையால் செய்த வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்கு ஐம்பது மீட்டர் அளவில்தான் போகும். சத்தத்தின் வேகம் அதைப்போல ஆறேழு மடங்கு. நாண் அதிர்கிற ஓசை மானின் காதுக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடும், அம்பு பின்னால்தான் வரும். அதனால் வில்லாளி இருபது முப்பது தப்படிக்குள் போயாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்குது, காலடியில் சருகு இருக்கா, தண்ணீருக்கு எந்த வழியா வரும், எல்லாம் தெரிஞ்சிருக்கணும். குறி கொஞ்சம் விலகினால் காயம்பட்ட விலங்கு மணிக்கணக்கில் துடிக்கும். வில்லைப் புனிதமாக்குகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ரைபிள் வேறு மாதிரி. குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக வரி வெட்டியிருக்கும். குண்டு சுழன்றபடி நேர்கோட்டில் போகும். நொடிக்கு எழுநூறு எண்ணூறு மீட்டர், அதாவது சத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகம். வெடிச்சத்தம் காதில் விழுவதற்கு முன்பே விலங்கு சாய்ந்துவிடும். இருநூறு மீட்டர் தள்ளி நின்று சுடலாம். நல்ல குறியாக இருந்தால் விலங்கின் சாவு சுலபம் என்பது உண்மை. கொல்கிறவனின் வேலையும் சுலபம் என்பதும் உண்மை.

பறவை சுடுகிற துப்பாக்கி இன்னொரு ரகம். வரியில்லாத வழுவழுப்பான குழல், ஒரு குண்டுக்குப் பதில் கைநிறைய ரவை. கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் ரவை விசிறிப் போகும். விழுந்ததை எண்ணலாம். ரவை பாய்ந்து பறந்துபோய் எங்கோ செத்ததை யார் எண்ணுவது? நரிக்குறவர் கையில் நாம் பார்த்த நாட்டுத் துப்பாக்கியும் இதே குடும்பம்தான். வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வைத்துக் கெட்டித்து, பால்ரஸ் குண்டைப் போட்டு, கேப்பு வைத்துச் சுட வேண்டும். ஒரு தடவை சுட்டால் அடுத்த தடவைக்குள் குளத்துப் பறவை எல்லாம் அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

ஆகவே இது இரக்கமான ஆயுதம், அது இரக்கமற்ற ஆயுதம் என்று பிரிக்க முடியாது. வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கு. வில் எடுப்பவனிடம் காடு அறிவைக் கேட்கும். ரைபிள் எடுப்பவனிடம் கடைக்காரன் காசைக் கேட்பான். காசு இருக்கிறவனுக்கு அறிவு வேறொருவனிடமிருந்து கூலிக்குக் கிடைக்கும். நம்ம நாட்டு வேட்டை வரலாறு முழுக்க இதுதான் நடந்திருக்கு. கென்னத் ஆண்டர்சனின் புலி வேட்டைப் புத்தகங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். சேலம், தருமபுரி காடுகளில் அவர் வின்செஸ்டர் ரைபிளோடு போனார். தடம் பார்த்துச் சொன்னவர் பைரா என்கிற பூசாரி, காட்டுவாசி. ஆண்டர்சன் அவரை நன்றியோடு எழுதுகிறார், மறுக்கவில்லை. ஆனாலும் புத்தக அட்டையில் வேட்டைக்காரர் என்று பேர் வாங்கியது ரைபிள் வைத்திருந்தவர்தான்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ராஜஸ்தானில் பரத்பூர் மன்னரின் வாத்து வேட்டைக் குளம். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவும் அவர் விருந்தினர்களும் ஒரே நாளில் சுட்டுத் தள்ளிய பறவைகள் 4,273. இதை வெட்கப்பட்டு மறைக்கவில்லை, கல்லில் வெட்டி வைத்தார்கள். இன்றைக்கு அது கேவலாதேவ் தேசியப் பூங்கா, அந்தக் கல்லும் அங்கேயே நிற்கிறது. ஒரு இருளர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கண்ணி வைத்துப் பிடித்தாலும் அந்த ஒரு நாள் கணக்கை எட்டுமா? ஆனால் அது விருந்து, இது திருட்டு.

*

இந்தப் பெயர் மாற்றம் தானாக நடக்கவில்லை. சட்டம் போட்டுச் செய்தார்கள்.

1857-க்குப் பிறகு வெள்ளை அரசுக்கு இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதே பயம். 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் ஆயுதச் சட்டம் வந்தது. ஆயுதம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் ஒரு பட்டியல் கொடுக்கிறது. துப்பாக்கி, வாள், கத்தி, ஈட்டி என்று வருகிற பட்டியலில் வில்லும் அம்பும் சேர்க்கப்பட்டிருக்கு. பீரங்கி இருக்கிற அதே வரிசையில்! மூங்கிலை வளைத்து நார் கட்டியவனும் ராஜாங்கத்துக்கு எதிரி. வெள்ளைக்காரர்களுக்கும் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கும் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது.

அடுத்த வருஷமே, 1879-ல், நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1877-ல் துரைமார்கள் சேர்ந்து ஆரம்பித்த வேட்டைச் சங்கத்தின் விருப்பத்தைச் சட்டமாக்கியதுதான் அது. பாதுகாப்பு யாருக்கு? துரைமார் சுடுவதற்கு மான் மிச்சமிருக்க வேண்டுமே, அதற்கு. லைசென்ஸ் கட்டி ரைபிளால் சுட்டால் அவர் விளையாட்டு வீரர். சமைக்கக் கறி தேடிப் போன மலைவாசி திருடன். 1882-ல் சென்னை வனச் சட்டம் காட்டையே பூட்டியது. 1871-ல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர், கள்ளர் என்று பல சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் ஆக்கியது. இந்தச் சட்டங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஆயுதம் போச்சு, காடு போச்சு, பேரும் போச்சு.

சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம். அதன் 13-ம் பிரிவைப் படிக்கச் சொல்கிறேன். பயிரைக் காப்பதற்காக என்று நேர்மையாகக் கேட்கிறவனுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வழி செய்கிறது. நியாயமான ஏற்பாடு மாதிரிதான் தெரியும். ஆனால் பயிர் யாரிடம் இருக்கு? நிலம் இருக்கிறவனிடம். சேரிக்காரனுக்கும் இருளருக்கும் காவல் காக்கப் பயிர் ஏது, அடுத்தவன் பயிருக்குக் காவல் இருக்கிற கூலிதான் உண்டு. சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனாலும் துப்பாக்கி யார் வீட்டுச் சுவரில் தொங்கும் என்பதை நிலம் தீர்மானித்துவிடும். 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம். புறா, கிளுவை எல்லாம் விழ அதுவே போதும். காசு கொடுத்து யாரும் வாங்கலாம். காசு?

*

இனி நம்ம கடற்கரைக்கு வருகிறேன். நான் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. எங்க ஆயாவும் அம்மாவும் உப்பு வாரி அம்பாரத்துக்குச் சுமந்தவங்க. உப்பளத்தில் வேலை தை, மாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைக்கும். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர், வேலை நின்றுபோகும். அதே ஐப்பசி கார்த்திகையில்தான் கழுவெளியில் தண்ணீர் ஏறும். வடக்கேயிருந்து கிளுவையும் உள்ளானும் பூநாரையும் வந்து இறங்கும். கூலி நிற்கிற மாசமும் பறவை வருகிற மாசமும் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கரையில் வேட்டையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் என்று தமிழக அரசு 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்ததே 2022-ல்தான். அதற்கு முன்னால் எத்தனை ஐப்பசி போயிருக்கும்!

இருளர் மக்களுக்கு அந்த உப்பளமும் நிச்சயமில்லை. ஏரிக்கரையில், வாய்க்கால் ஓரத்தில், பட்டா இல்லாத மண்ணில் குடிசை. அவர்கள் கையில் ரைபிளை நான் பார்த்ததில்லை. வில்லைக்கூட அபூர்வமாகத்தான், அதுவும் பிள்ளைகள் குருவிக்குக் குறிபார்க்கிற உண்டிவில். பெரியவர்களின் ஆயுதம் கடப்பாரையும் கண்ணியும் நாயும். வரப்பில் எலி வளையைக் கண்டுபிடித்து, ஒரு வாயை அடைத்து, மறுவாயில் மண்சட்டிப் புகையை ஊதி, வெளியே வருகிற எலியைக் கையாலேயே பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அன்றைக்குச் சோறு. நிலத்துக்காரனின் பயிரைத் தின்கிற எலியைப் பிடித்துக் கொடுத்தவனுக்கு அந்த நிலத்துக்காரன் வைத்த பேர் 'எலி தின்னி'. நம்ம தெருவிலேயும் அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்கிறவங்க உண்டு. மாட்டுக்கறிக்காக நம்மைக் கேவலமாகப் பேசும்போது கொதிக்கிறோம், எலிக்கறிக்காக இன்னொருவரைப் பேசும்போது சிரிக்கிறோம். இதை நம் இயக்கம் முதலில் சரி செய்யணும்.

இந்தக் கரையும் அதன் சுற்றுவட்டாரமும் சிறுபாணாற்றுப்படை பேசுகிற ஓய்மா நாடு. அந்தப் பாட்டில் வழிப்போக்கனான பாணனுக்கு எயினர் குடியிருப்பில் விருந்து கிடைக்கிறது. எயிற்றியர் சமைத்த சோறு, காட்டுப்பசுவின் சுட்ட கறி. வேட்டைக்காரர் வீட்டுச் சாப்பாடு அன்றைக்குப் புலவன் பாடுகிற மரியாதை. தமிழ்ப் பெருமை பேசுகிறவர்கள் மேடையில் அந்தப் பாட்டைச் சொல்வார்கள், மேடைக்குப் பின்னால் இருளர் குடிசையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்துவார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலக் காலையில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஊர், அலுவலகம் பேர் வேண்டாம். கழுவெளிப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்த இரண்டு தரப்பு. ஒரு தரப்பு காரில் வந்த மூன்று இளைஞர்கள். ஏர்கன், தொலைநோக்கி, சாக்குப் பை, அதற்குள் இறக்கை மட்டும் வெளியே தெரிகிற கிளுவைகள். இன்னொரு தரப்பு இருளர் வீட்டு அப்பாவும் மகனும். ஒரு கிழிந்த வலை, நாலு உள்ளான். காரில் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாங்க. "படிக்கிற பசங்க, விளையாட்டுக்குச் செஞ்சுட்டாங்க" என்றார் அதிகாரி. ஒரு மணி நேரத்தில் போன் வந்தது, போனாங்க. தரையில் குந்தியிருந்த அப்பன் கும்பிட்டுச் சொன்னார்: "சாமி, புள்ளைக்குப் பரிச்ச இருக்குது, அவன வுட்டுடுங்க, நான் வரேன்." அவருக்கு வழக்கு, ரிமாண்ட். நாலு உள்ளானின் எடை கால் கிலோ, அரைக் கிலோ இருக்குமா?

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வில் வேறு, துப்பாக்கி வேறு, கண்ணி வேறு என்று கிடையாது. சுட்டாலும் பிடித்தாலும் விஷம் வைத்தாலும் துரத்தினாலும் வேட்டைதான். 1991 திருத்தத்தோடு லைசென்ஸ் வாங்கி வேட்டையாடுகிற ஏற்பாடும் முடிந்தது. காகிதத்தில் எல்லோரும் சமம். நடப்பில்? 1998-ல் ராஜஸ்தானில் கலைமானைச் சுட்ட வழக்கில் சல்மான்கானுக்கு ஜோத்பூர் நீதிமன்றம் ஐந்து வருஷம் தண்டனை கொடுத்தது 2018 ஏப்ரல் 5-ல். இருபது வருஷம் கழித்து. இரண்டு நாளில் பிணை. பிணை தப்பு என்று சொல்லவில்லை, அது எல்லோருக்கும் உரிமை. அந்த உரிமை இருளருக்கு எத்தனை நாளில் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணியும் தோழர்களும் 1990களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்ட வேண்டி வந்ததே, காவல் நிலைய வன்முறையும் பொய் வழக்குகளும் இந்த மக்களை விடாமல் துரத்தியதால்தான். நம்ம ஊருக்கு ஒரு பஸ் தூரத்தில் நடந்த போராட்டம் அது.

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. பழங்குடிகளின் மரபுரிமைகளை ஒவ்வொன்றாக அங்கீகரித்துக்கொண்டே வந்து, வேட்டை, கண்ணி வைக்கும் உரிமை மட்டும் இதில் சேராது என்று எழுதி முடித்தது. நிக்கோபார் பழங்குடிகளின் வேட்டை உரிமையை 1972 சட்டத்தின் 65-ம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. ஆக, வயிற்றுக்கு வேட்டையாடுவது வேறு, பொழுதுபோக்குக்கு வேட்டையாடுவது வேறு என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2022 டிசம்பரில் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் நிறைவேற்றின. எத்தனையோ வருஷப் போராட்டத்தின் வெற்றி. ஆனால் பாருங்கள், தொழிலைப் பேராகக் கொண்ட மக்கள் இவர்கள். பேருக்குச் சான்றிதழ் உண்டு, தொழிலுக்குத் தடை உண்டு, மாற்றுத் தொழில் மட்டும் பாசிமணியாகவே நிற்கிறது.

*

இப்போது வில்லைப் பண்பாட்டு அடையாளமாக உயர்த்துவது பற்றி. நம் புராணங்களில் வில்லெடுத்த வேடர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்த பிறகுதான் உத்தமன். கண்ணப்பன் கண்ணைத் தோண்டிக் கொடுத்த பிறகுதான் நாயன்மார். வில்லாளி தன் உடம்பில் ஒரு பாகத்தை அறுத்துக் கொடுத்தால் கதைக்குள் இடம் தருவார்கள். முழு உடம்போடு வில்லைப் பிடித்து நின்றால் தரமாட்டார்கள்.

இது இந்து தர்மத்தின் வஞ்சகம் மட்டும்தானா? அமெரிக்காவைப் பாருங்கள். வில் வேட்டை, ரைபிள் வேட்டை என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதம் செய்வது அங்கே பெரிய பொழுதுபோக்கு. வில்லுக்குத் தனிப் பருவம், ரைபிளுக்குத் தனிப் பருவம். வில்லுக்கென்றே மான் வேட்டைப் பருவத்தை 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் ஆரம்பித்தது. வில் வேட்டைக்காரர்களின் பெரிய சங்கம் ஒன்று 1961-ல் தொடங்கப்பட்டது. அதன் பேரில் பாதி, சாக்ஸ்டன் போப் என்ற டாக்டருடையது. அந்த டாக்டருக்கு வில் வித்தை சொல்லிக் கொடுத்தவர் யார்?

கலிபோர்னியாவில் யாஹி என்று ஒரு பூர்வகுடி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய வெள்ளையர்கள் அவர்களைத் துப்பாக்கியால் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். எஞ்சிய கடைசி மனிதர் 1911-ல் பசியோடு காட்டிலிருந்து ஒரோவில் ஊருக்கு வந்தார். தன் பேரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவர் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம் வரும் 'இஷி' என்ற சொல்லால் அவரை அழைத்தார்கள். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் குடிவைத்தார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வில் செய்து காட்டினார், அம்பு முனை தட்டிக் காட்டினார். போப் அவரிடம்தான் கற்றுக்கொண்டார். 1916-ல் இஷி காசநோயில் செத்தார். மூளையைத் தனியாக எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2000-ல்தான் அது அவருடைய உறவுக் குடிகளிடம் திரும்பக் கிடைத்தது. 1923-ல் போப் வில் வேட்டை பற்றி எழுதிய புத்தகம் இந்த விளையாட்டின் மூலநூல் ஆனது. இங்கே கட்டைவிரல், அங்கே மூளை.

ரைபிளால் அந்த மக்களை அழித்தார்கள். அப்புறம் அவர்கள் வில்லை எடுத்து, இதுதான் நேர்மையான வேட்டை என்று விளையாடினார்கள். வில்லைப் புகழ்கிறவர்கள் வில்லாளியைக் காப்பாற்றவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நம் சுவரொட்டியில் வில்லை வரைவதால் ஏரிக்கரை இருளருக்கு ஒரு செண்டு பட்டா வந்துவிடாது.

*

பறவையைச் சாகவிடலாம் என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிடக் கூடாது. கழுவெளி நமக்கும் வேண்டும், பறவைக்கும் வேண்டும். வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்திருக்கும் இந்தச் சதுப்புநிலத்தில் 5,151 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் சரணாலயம் என்றதும் முதலில் வெளியேற வேண்டியவன் யார் என்று தேடினால், வலை வைத்திருப்பவன்தான் கண்ணில் படுகிறான்.

இறால் பண்ணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. அகற்றினார்களா? 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து அந்தப் பண்ணைகளுக்கு வழி திறந்துவிட்டார்கள். முதலாளி மாட்டிக்கொண்டால் சட்டம் வளைகிறது. இருளர் மாட்டிக்கொண்டால் முதுகு வளைகிறது. பறவைக்குத் துப்பாக்கி ஒரு எதிரிதான், கண்ணியும் எதிரிதான். ஆனால் தண்ணீர் கெட்டு, மீனும் புழுவும் செத்துப்போன குளத்தில் ஒரு குண்டும் வெடிக்காமலே பறவை இல்லாமல் போகும். அந்தச் சாவுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது.

வேட்டைக்காரன் கையிலுள்ள ஆயுதத்தைப் பிடுங்குகிற அரசு, அவன் தலையில் உள்ள அறிவை என்ன செய்யப் போகிறது? இதற்கு இதே கடற்கரையில் விடை இருக்கிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டு, பாம்பு பிடித்துப் பிழைத்த இருளர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 1978-ல் இருளர் பாம்புபிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. 2017-ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க அந்த மாநிலம் போட்டி வைத்தது, பரிசு வைத்தது, ஆயிரக்கணக்கான ஆட்களை இறக்கியது. நம்ம ஆட்கள் வில்லும் எடுக்கவில்லை, துப்பாக்கியும் எடுக்கவில்லை. தடம் பார்த்து, வெறுங்கையால் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ. வேட்டை என்பது ஆயுதத்தில் இல்லை, கண்ணிலும் காலிலும் இருக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இரண்டு பேருக்குப் பதக்கம் கொடுத்துவிட்டு மீதிப் பேருக்கு விலங்கு மாட்டுவது நியாயமா? பாம்புக்குச் செய்ததைப் பறவைக்கும் செய்யலாம். எந்தப் பறவை எந்தத் திட்டில் இறங்கும், எந்த மாசம் முட்டை வைக்கும், விஷம் வைத்தவன் எந்த வழியாக வந்தான் என்பது இருளருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

எனவே நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை. கழுவெளியின் காவலர்களாக இருளர்களையும் கரையோரச் சேரி இளைஞர்களையும் நிரந்தர ஊதியத்தில் நியமிக்க வேண்டும். சீசன் கூலி வேண்டாம், அரசு வேலை வேண்டும். ஏரிக்கரைக் குடிசைகளுக்கு மாற்று இடமும் பட்டாவும் தராமல் எவரையும் வெளியேற்றக் கூடாது. உப்பளத்தின் மழைக்கால நிவாரணம் மழைக்கால முழுக் கூலியாக உயர வேண்டும், பறவை வருகிற மாசத்தில் அடுப்பு எரிந்தால் கண்ணி தானே குறையும். பறவைக்கறி வாங்கிச் சமைக்கிற ஓட்டல்காரனையும் ஏர்கன்னோடு காரில் வருகிறவனையும் முதல் குற்றவாளியாகச் சேர்க்காத வழக்கை நாம் கேள்வி கேட்க வேண்டும். வலையோடு பிடிபட்ட இருளர் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டால், அன்றைக்கு ராத்திரியே நம்மில் இரண்டு பேர், ஒரு வழக்கறிஞர் அங்கே இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். வில்லா, ரைபிளா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும். சுட்டவனுக்கு நாற்காலி, பிடித்தவனுக்குத் தரை என்று இருக்கிற வரைக்கும் அந்தப் பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். வருகிற ஐப்பசிக்கு முன்னால் கழுவெளிக் கரையில் எத்தனை இருளர் குடும்பம் இருக்கு, எத்தனை பேர் மேல் வழக்கு இருக்கு, எத்தனை பேருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை என்று வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுவோம்.